முதலில் நாலு பிளவுஸ், அப்புறம் ஆறு சேலை

கேட்ட தங்கைக்கு வயது 25. அடுத்த மாதம் ஒரு கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்கிறாள். “அக்கா, அங்கே சேலை கட்டாயமாம். நான் இதுவரை சுடிதார்தான். அம்மாவோட பட்டு ரெண்டு இருக்கு, அவ்வளவுதான். கையில 15,000 ரூபாய் இருக்கு. எத்தனை வாங்கட்டும், என்ன வாங்கட்டும்? உயரம் அஞ்சடி. பாட்டி மாதிரியும் தெரியக்கூடாது, கல்யாண வீட்டுக்குக் கிளம்பின மாதிரியும் தெரியக்கூடாது” என்று எழுதியிருக்கிறாள்.

கோவையில் 24 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஆசிரியைகள். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன் கண்ணு.

முதலில் ஒன்று: கட்டாயம் என்பதைச் சேர்கிற இடத்தில் ஒரு தடவை நேரில் கேட்டுக்கொள். தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019-ல் வந்த அரசாணையிலேயே சேலையோடு சல்வார் கமீஸும் துப்பட்டா போட்ட சுடிதாரும் சேர்ந்துதான் இருக்கின்றன. தனியார் கல்லூரிகள் தங்களுக்கென்று விதி வைத்திருக்கும். சில இடங்களில் சனிக்கிழமை சுடிதார் அனுமதி உண்டு. அது தெரிந்தால் ஒரு சேலையின் காசு மிச்சம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் செய்வது என்ன? 15,000-த்துக்கும் சேலையாக வாங்கிவிட்டு, ஒவ்வொரு சேலையிலும் ஒட்டிவரும் பிளவுஸ் துணியை வெட்டி, கிடைத்த இடத்தில் கிடைத்த கூலிக்குத் தைத்துக்கொள்வது. பத்துச் சேலை, பத்து பிளவுஸ், ஒன்றும் உடம்போடு நிற்காது. நீ தலைகீழாகச் செய். ஆறு சேலை, நாலு பிளவுஸ். பிளவுஸ்தான் முதல் செலவு. 800 ரூபாய்ச் சுங்குடியை 5,000 ரூபாய்ச் சேலை மாதிரி காட்டுவதும், 5,000 ரூபாய்ச் சேலையை இரவல் வாங்கிக் கட்டினது மாதிரி காட்டுவதும் தோளிலும் கையிலும் பிளவுஸ் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான்.

கணக்கை இப்படி வைத்துக்கொள். துணி, லைனிங், கூலி எல்லாம் சேர்த்து ஒரு நல்ல காட்டன் பிளவுஸ் எங்கள் பக்கம் 800 ரூபாய்க்குள் முடியும். நாலுக்கு 3,200. பாவாடை மூன்று, 900. சேலைகளுக்கு 9,000. ஃபால்ஸ் (அடிக்கரையின் உள்பக்கம் வைத்துத் தைக்கும் பட்டைத் துணி) வைத்து ஓரம் அடிக்க 600. மீதி 1,300 செருப்புக்கு.

நாலு பிளவுஸும் என்ன நிறம்? கருப்பு, அரக்கு, சந்தனம், பாட்டில் பச்சை. எல்லாம் பிளெய்ன். ஜரிகை வேண்டாம், எம்பிராய்டரி வேண்டாம், கையில் தொங்குகிற மணி வேண்டவே வேண்டாம். சேலையின் உடல் நிறத்திலேயே பிளவுஸ் போடுவது பழைய பழக்கம்; அது ஆளை ஒரே தூணாகக் காட்டும். கரையின் நிறத்தில் போடுவது பாதுகாப்பான வழி. எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: முந்தியை விரித்துப் பார், அதில் உடலிலும் கரையிலும் இல்லாத ஒரு மெல்லிய கோடு ஏதாவது ஒரு நிறத்தில் ஓடும். அந்த நிறத்தில் பிளவுஸ் போட்டால், பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியாமலே நன்றாக இருக்கும்.

துணிக்கு மேட்சிங் சென்டர் போகும்போது டூ பை டூ என்று கேட்டால் மெல்லிய துணி தருவார்கள். தினமும் போட அதைவிடக் கைத்தறிப் பருத்தி, ஆந்திராவின் மங்களகிரித் துணி மாதிரி கொஞ்சம் கனமானது, நல்லது. ஒரு மீட்டர் வாங்கு. 80 சென்டி போதும் என்பார்கள், போதும்தான், ஆனால் நனைத்த பிறகு சுருங்கும். துணியையும் லைனிங்கையும் ரெண்டையுமே தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்துக் காயவைத்துத்தான் தையலுக்குக் கொடுக்க வேண்டும். லைனிங்கை நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பில் உள்ளே அது சுருங்கி, வெளித்துணி முதுகில் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அப்படி நின்ற பிளவுஸை எந்தத் தையல்காரராலும் சரி செய்ய முடியாது.

அளவு பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இது நானே பட்டுத் தெரிந்துகொண்டது. கடை போட்ட முதல் வருஷம் ஒரு ஆசிரியை வந்தார். தினமும் போர்டில் எழுதுகிறவர், கை வசதியாக இருக்கட்டும் என்று ஆம்ஹோலை, அதாவது உடலோடு கை வந்து சேரும் வளைவை, நன்றாக இறக்கி, பெரிதாக வெட்டிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். என் முன்னால் நின்று போர்டில் எழுதுவது போல வலது கையைத் தூக்கிக் காட்டினார். கையோடு சேர்ந்து பிளவுஸ் முழுக்க மேலே ஏறியது. இடுப்புப் பக்கம் நாலு விரல் தெரிந்தது. “வகுப்புல அறுபது பசங்க இருக்காங்க, நான் எப்படி எழுதறது?” என்றார். அன்றைக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து அதைப் பிரித்துப் பார்த்தேன். தளர்வாக இருந்தால் வசதி என்று நினைத்தது தப்பு. ஆம்ஹோல் அக்குளுக்கு ஒட்டி, உயரத்தில் இருந்தால்தான் கை தனியாக அசையும். இறங்கியிருந்தால் கை அசையும்போது உடல் துணியையும் இழுத்துக்கொண்டு போகும். வெட்டின துணியை ஒட்டவைக்க முடியாது என்பதால் அக்குளில் டைமண்ட் வடிவத்தில் ஒரு சின்னத் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அவர் இன்றும் என்னிடம்தான் வருகிறார். ஆனால் அன்றிலிருந்து டிரையலில் கையைத் தூக்கச் சொல்லாமல் நான் யாரையும் அனுப்பியதில்லை.

நீயும் அதைச் செய். டிரையல் ரூமில் கண்ணாடி முன்னால் அழகாக நின்று பார்த்துவிட்டு வராதே. கையைத் தலைக்கு மேலே தூக்கு. ரெண்டு கையையும் முன்னால் கட்டிக்கொள். முதுகு இழுக்கிறதா பார். கீழே விழுந்த பேனாவை எடுப்பது போலக் குனி. முன்கழுத்து எவ்வளவு விலகுகிறது என்று அப்போதுதான் தெரியும். உட்கார்ந்து பார், கீழ்ப்பட்டி வயிற்றை அறுக்கக்கூடாது. கையின் நீளம் முழங்கைக்கு ரெண்டு விரல் மேலே முடியட்டும். முழங்கை தாண்டிய கை இப்போது பிரபலம்தான், ஆனால் கருப்பு பிளவுஸின் கைநுனியில் நாள் முழுக்கச் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும். கொக்கி முன்பக்கம் வை. பின்பக்கக் கொக்கி போட்டுவிட வீட்டில் ஆள் வேண்டும். காலை ஏழே முக்கால் பேருந்தைப் பிடிக்கிறவளுக்கு அது ஆகாது. பக்கவாட்டில் ரெண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்துணி விடச் சொல். உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் அதே பிளவுஸ் நாலைந்து வருஷம் ஓடும்.

தைத்தது நன்றாக உட்கார்ந்துவிட்டால் அதில் ஒன்றைப் புதிதாகவே மடித்து அளவு பிளவுஸாக எடுத்து வைத்துக்கொள் என்பார்கள் சிலர். வேண்டாம், நாலையும் போடு. ஆனால் அளவுகளைத் தையல்காரரிடம் கேட்டு உன் நோட்டில் எழுதிக்கொள். அவர் ஊர் மாறினாலும் உன் அளவு உன்னிடம் இருக்கும்.

பாவாடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, சேலை நிற்பதே அதன் மேல்தான். பாப்ளின் காட்டன், கணுக்காலுக்குச் சற்று மேலே முடிகிற நீளம். கருப்பு ஒன்று, வெளிர் சந்தனம் ஒன்று, அரக்கு ஒன்று. ஆறு சேலைக்கும் இது போதும். நாடாவைத் தொப்புளுக்கு நேராக அல்லாமல் இடது பக்கம் முடிச்சுப் போடு, கொசுவம் சொருகும் இடத்தில் முடிச்சு உருண்டு நிற்காது. பாவாடையை எந்த உயரத்தில் கட்டுகிறாயோ அதே உயரத்தில் தினமும் கட்டப் பழகு.

இப்போது சேலை.

பருத்திச் சேலையில் நூலின் நம்பர் என்று ஒன்று உண்டு. 60, 80, 100, 120 என்று போகும். நம்பர் கூடக் கூட நூல் மெலிது, சேலை லேசு. கடைகளில் கேட்டால் சொல்வார்கள். சொல்லத் தெரியாத கடையில் கைத்தறி வாங்காதே. ஐந்தடி உயரத்துக்கு 80-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. முரட்டு நூலும் கஞ்சியும் சேர்ந்தால் இடுப்பைச் சுற்றிச் சேலை குடை மாதிரி விரிந்து நிற்கும். காரைக்குடிக் கண்டாங்கி எனக்கு உயிர், அந்த அரக்கும் மஞ்சளும் கருப்பும் கட்டம் போட்டு வரும் அழகு வேறு எதிலும் இல்லை. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அதன் அகலக் கரையும் பெரிய கட்டமும் உயரமானவர்களுக்கு நிற்பது போல உனக்கு நிற்காது. பிறகு ஒரு நாள் சின்னக் கட்டத்தில் பார்த்து வாங்கிக்கொள். முதல் ஆறில் வேண்டாம். கரை ரெண்டு அங்குலத்துக்குள் இருக்கட்டும்.

இரண்டு சுங்குடி. ஒன்று கருநீலம், ஒன்று மெரூன். மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தார் தலைமுறைகளாகச் செய்துவரும் வேலை இது. துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் ஒவ்வொரு புள்ளியாக முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்ததும் முடிச்சை அவிழ்ப்பார்கள். முடிச்சு இருந்த இடம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். இன்று 700, 800 ரூபாய்க்குக் கிடைப்பதில் பெரும்பாலானவை மெழுகு அச்சிலும் ஸ்கிரீன் பிரிண்டிலும் போட்டவை. அவற்றையும் தைரியமாக வாங்கலாம், வாங்கும்போது எது எது என்று தெரிந்து வாங்கு. கையால் கட்டிய சுங்குடியில் ரெண்டு புள்ளி ஒன்றுபோல இராது, நடுவில் ஒரு துளி நிறம் இருக்கும், புது சேலையில் விரலை ஓட்டினால் முடிச்சு இருந்த இடம் மேடு தட்டும். அச்சில் போட்டதில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, துணி வழவழவென்று இருக்கும். கட்டினதின் விலையை அச்சில் போட்டதற்குக் கொடுத்துவிடாதே, அவ்வளவுதான்.

நெகமம் ஒன்று, கடுகு மஞ்சளில். பொள்ளாச்சிக்குப் பக்கத்து ஊர், எங்கள் மண் என்பதால் சொல்லவில்லை. துவைக்கத் துவைக்கப் பதமாகிற சேலை அது. காஞ்சி காட்டன் ஒன்று, சாம்பல் நிறத்தில் மெல்லிய கரையோடு. கோவை கோரா காட்டன் ஒன்று, சந்தன உடல், பச்சைக் கரை. பட்டிழையும் பருத்தி இழையும் சேர்ந்து நெய்வதால் கோராவுக்கு ஒரு சன்னமான பளபளப்பு உண்டு. கல்லூரி விழா, துறைக் கூட்டம் மாதிரி நாட்களுக்கு. புதிதில் விறைப்பாக நிற்கும், ரெண்டு தடவை கட்டினால் அடங்கும். கோராவுக்குக் கஞ்சி போடாதே.

ஆறாவது, சின்னப் பிரிண்ட் போட்ட பாட்டில் பச்சை கிரேப் சிந்தெடிக். கைத்தறி பேசுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அடைமழை நாளில் நனைந்த பருத்திச் சேலையோடு மூன்று மணி நேரம் தேர்வுக் கண்காணிப்புக்கு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சேலத்துக்குப் பக்கத்து இளம்பிள்ளை விசைத்தறிச் சேலைகளிலேயே 900 ரூபாய்க்கு நல்லதாகக் கிடைக்கும்.

இந்த ஆறையும் நாலு பிளவுஸோடு சேர்த்துப் பார். கருநீலச் சுங்குடிக்கு அரக்கு, சந்தனம். நெகமத்துக்கும் சாம்பலுக்கும் கோராவுக்கும் கருப்பு, அரக்கு, பச்சை மூன்றும் போகும். மெரூன் சுங்குடிக்குச் சந்தனம், கருப்பு, பச்சை. கிரேப்புக்குக் கருப்பு, சந்தனம். 16 ஜோடி ஆகிறது. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் மூன்று வாரத்துக்கு ஒரே ஜோடி திரும்ப வராது. சேலையில் ஒட்டி வந்த பிளவுஸ் துணிகளை வெட்டாமல் சுருட்டி வை. அடுத்த வருஷம் சம்பளம் வந்து கையில் காசு புரளும்போது தைத்துக்கொள்ளலாம்.

ஆறையும் இந்த மாதமே வாங்க வேண்டியதில்லை. நாலு சேலையோடு வேலையில் சேர். ஆடித் தள்ளுபடிக்கு ஒரு சுங்குடியை வைத்துக்கொள். கோராவைத் தீபாவளிக்கு வைத்துக்கொள். கோ-ஆப்டெக்ஸில் அப்போது 30 சதவீதத் தள்ளுபடி இருக்கும். 1935-ல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு அது. நெகமம், காஞ்சி காட்டன், கோரா மூன்றையும் ஒரே இடத்தில் விரித்துப் பார்க்கலாம், விலை எழுதியபடி இருக்கும், பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு நல்லது. ஆடித் தள்ளுபடியில் பெரிய கடைகளுக்குப் போனால் குவியலில் இருப்பதை முழுக்கப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதே. மடிப்பின் ஓரத்தில் வெயில் பட்டு வெளுத்த கோடு, முந்தியில் இழை விட்ட இடம், இவற்றை மடித்த சேலையில் பார்க்க முடியாது.

கடைக்குக் காலை பத்தரைக்குப் போ. கூட்டம் இராது, சேலை விரிக்கிற அண்ணனுக்கும் பொறுமை இருக்கும். முக்கியமாக வெளியே வெளிச்சம் இருக்கும். டியூப் லைட்டில் கருப்பும் கருநீலமும் ஒன்றாகத் தெரியும், அரக்கு மெரூனாகத் தெரியும். “அண்ணா, வாசல்ல கொண்டுபோய்ப் பார்த்துக்கிறேன்” என்று சொல், யாரும் மறுக்க மாட்டார்கள். பிளவுஸ் துணி வாங்கும்போது சேலையையே கையில் எடுத்துக்கொண்டு போ. போனில் எடுத்த படத்தை வைத்து மேட்சிங் பார்க்காதே.

தோளில் போட்டுக் காட்டுவார்கள். அதில் மயங்காதே. முந்தி எப்போதும் அழகாகத்தான் இருக்கும், காசு போட்டு நெய்வதே அங்கேதான். நீ நாள் முழுக்கப் பார்க்கப்போவது உடலையும் கொசுவத்தையும். உடல் பகுதியை எடுத்து விரலில் நாலு கொசுவம் வைத்துத் தொங்கவிட்டுப் பார். நேராகக் கீழே விழுகிறதா, பக்கத்தில் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். கைக்குட்டை நுனியை நனைத்து, அடர்ந்த நிறச் சேலையின் உள்பக்கத்தில் ஒரு தேய்ப்புத் தேய். லேசாக ஒட்டினால் பரவாயில்லை. கைக்குட்டையே அந்த நிறமாக மாறினால் வாங்காமல் திருப்பி வைத்துவிடு. பருத்தி என்று சொன்னதில் சந்தேகம் வந்தால், முந்தி நுனியில் தொங்குகிற நூலில் ஒன்றைக் கேட்டு வாங்கி வெளியே வந்து கொளுத்திப் பார். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பட்டு என்றால் மயிர் கருகின வாசனை வரும், பொடியாகும். பாலியஸ்டர் உருகி, ஆறினதும் கெட்டியான மணியாக நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் துவைப்பு தனியாக, குளிர்ந்த தண்ணீரில். நிழலில் உலர்த்து. ஃபால்ஸ் துணியையும் முன்னாடியே நனைத்துக் காயவைத்துக் கொடு, இல்லாவிட்டால் அடிக்கரை சுருங்கி வளைந்துகொள்ளும். லேசான ஈரத்தோடு இஸ்திரி போட்டால் பருத்தி படியும்.

உயரத்துக்கு ஒரு கை வேலை சொல்கிறேன். சேலையின் அகலம் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். உனக்கு அது அதிகம். அதிகத்தை எல்லாம் இடுப்பில் திணித்தால் வயிறு முன்னால் வரும். சொருகுவதற்கு முன்னாடியே மேல் ஓரத்தை ரெண்டு அங்குலம் வெளியே தெரியாமல் உள்பக்கமாக மடித்துக்கொண்டு, மடித்ததை அப்படியே சுற்று. கொசுவம் அஞ்சு போதும், ஏழு வேண்டாம். செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டு. கழற்றிவிட்டுக் கட்டினால் வெளியே போகும்போது கணுக்கால் தெரியும். செருப்பு ஒரு அங்குலம் உயரம், தட்டையான அடி, பழுப்பு நிறம். தோளில் மடிப்புக்கு ஒரு பின், இடுப்பில் ஒன்று. பின்னைக் குத்துமுன் அதன் வளைவில் ஒரு சின்ன மணி கோத்துக்கொண்டால் நூல் மாட்டிக் கிழியாது.

அம்மாவின் பட்டை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்த ரெண்டையும் எடுத்து, மடிப்பு மாற்றி மடித்து, பழைய பருத்தித் துணியில் சுற்றி வை. ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் இருந்தால் ஜரிகை அந்த வரியிலேயே முறியும். அதன் பழைய பிளவுஸ் உனக்குப் பொருந்தாது, பொருந்தவைக்கவும் வேண்டாம். நாலில் இருக்கிற அந்தப் பிளெய்ன் கருப்பையோ பச்சையையோ போட்டு, பெரிய நகை இல்லாமல், காதில் ஒரு ஜிமிக்கி மட்டும் போட்டுக் கட்டிப் பார். ஆண்டு விழாவுக்கு உனக்குப் புதுச் சேலை தேவைப்படாது. அம்மாவுக்கும் ஒரு படம் எடுத்து அனுப்பு.

ஒரு அவசரம் இருக்கிறது. இது வைகாசி முகூர்த்த நேரம், எல்லாத் தையல் கடையிலும் கல்யாணப் பிளவுஸ் குவிந்து கிடக்கும். அதனால் சேலைக்குப் போகுமுன் பிளவுஸ் துணியை இந்த வாரமே வாங்கி நனைத்துக் கொடுத்துவிடு. முதலில் ஒன்றே ஒன்று, கருப்பை மட்டும் தைக்கச் சொல். அதை வாங்கி, சேர்கிற நாளுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு நாள் காலையிலிருந்து மதியம் வரை வீட்டிலேயே முழுசாகக் கட்டிக்கொண்டு இரு. சமை, படி ஏறு, சுவரில் எழுதுவது போலக் கையைத் தூக்கு. எங்கே இழுக்கிறதோ, எங்கே அறுக்கிறதோ எழுதிவைத்து, அதைத் திருத்தின பிறகு மீதி மூன்றையும் அந்த அளவிலேயே வெட்டச் சொல்.